செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு: வீட்டு டிவி தெரியாததற்கு யார் பொறுப்பு?

கேபிள் டிவியை நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாற்றுவதற்கு மத்திய அரசு வைத்த கடைசிக் கெடு 2017 மார்ச் 31. தமிழகத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துவரும் அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமமே அதற்கு அடுத்த மாதம்தான் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் விலையில்லா செட்டாப் பாக்ஸ் விநியோகம் தொடங்கியது. அதிலிருந்து ஊர் ஊராக, தெருத் தெருவாகப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு பாக்ஸுக்கு மாற்றினார்கள்.

இந்த மாற்றம் நம் மக்கள் வாழும் ஊர்களில் ஒரு தனிப்பட்ட சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பல வீடுகளின் ஆண்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருக்கிறார்கள். வீட்டில் உம்மாவும் மனைவியும் பிள்ளைகளும்தான். பாக்ஸ் மாட்டிய மறுநாள் படம் போய்விட்டால் யாரைக் கேட்பது? கேபிள்காரரைக் கேட்டால் "டிவி பழசு, மாத்துங்க லாத்தா" என்கிறார். டிவி கடைக்காரரைக் கேட்டால் "பாக்ஸ் சரியில்லை" என்கிறார். இருவருக்கும் நடுவில் வீட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போன் போகிறது. அங்கிருந்து புது டிவிக்குப் பணம் வருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவி பழைய சாமான் கடைக்குப் போகிறது.

வீட்டில் டிவி வைக்கலாமா கூடாதா என்ற மஸ்அலாவை நான் இங்கே எடுக்கவில்லை. ஆலிம்களிடையே அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. டிவி இருக்கும் வீட்டில், இல்லாத பழுதுக்காகப் பணம் போவது இரு தரப்பாருக்கும் கவலை தரவேண்டிய விஷயம். ரமளானில் ஸஹர் நேர நிகழ்ச்சிகளுக்காக மட்டும் டிவி போடும் வீடுகளும் இருக்கின்றன. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இப்போதே விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது.

முதலில் எது மாறியிருக்கிறது என்று பார்ப்போம். பழைய முறையில் கேபிள்காரரின் ஒயரில் வந்ததை டிவி அப்படியே பிடித்துக் காட்டியது. சிக்னல் பலவீனமாக இருந்தால் படம் புள்ளி புள்ளியாக, நிழலோடு தெரியும், ஆனாலும் தெரியும். வயதில் மூத்த கடலோர ஊர்க்காரர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். 1982-இல் இலங்கை ரூபவாஹினி தொடங்கியபோது, மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, கடல் தாண்டி வந்த அந்தப் புள்ளிப் படத்தை எத்தனை வீடுகளில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள்! காற்றடித்தால் படம் மங்கும், ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார், கீழேயிருந்து ஒருவர் "இப்ப தெரியுது, விட்டுடு" என்று கத்துவார். அனலாக் என்பது அப்படி விட்டுக்கொடுத்துப் போகும் சுபாவம் உள்ளது.

டிஜிட்டலுக்கு அந்தச் சுபாவம் கிடையாது. படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு வருகின்றன. அந்த எண்கள் போதுமான அளவு வந்து சேர்ந்தால் படம் பளிச்சென்று இருக்கும். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டு விட்டுக் கேட்கும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பத்து வருடமாக அதே ஒயரில் சுமாராகத் தெரிந்துகொண்டிருந்த வீட்டில் பாக்ஸ் மாட்டியதும் திடீரென்று எதுவும் தெரியாமல் போகிறது. பாக்ஸ் புதிது, டிவியும் நன்றாக இருக்கிறது. இத்தனை நாள் அனலாக் மூடி மறைத்திருந்த ஒயரின் குறை இப்போது வெளியே வந்துவிட்டது. டிவி பழசு என்று சொல்பவரிடம் இந்த ஒன்றைக் கேட்டாலே போதும்: "நேத்து வரைக்கும் இதே டிவியில தெரிஞ்சுதே, இன்னைக்கு மட்டும் டிவிக்கு என்ன ஆச்சு?" பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் டிவியிலும் செட்டாப் பாக்ஸ் தாராளமாக வேலை செய்யும். பாக்ஸ்தான் சிக்னலைப் பிடிக்கிறது; டிவி வெறும் திரையாக நின்றால் போதும்.

படம் தெரியவில்லை என்றதும் வீட்டில் யாரும் செய்யக்கூடிய முதல் சோதனை ஒன்று உண்டு. பாக்ஸின் ரிமோட்டை எடுத்து 'மெனு' பொத்தானை அழுத்துங்கள். திரையில் பாக்ஸின் மெனு வருகிறதா? வந்தால், பாக்ஸிலிருந்து டிவி வரையிலான பகுதி சரியாக இருக்கிறது. குறை வெளியிலிருந்து வரும் ஒயரிலோ, உங்கள் இணைப்புக் கணக்கிலோ இருக்கிறது. இரண்டும் கேபிள்காரர் பொறுப்பு. மெனுவே வரவில்லை, நீலத் திரையோ 'நோ சிக்னல்' என்ற எழுத்தோ மட்டும் நிற்கிறது என்றால், முதலில் பாக்ஸில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிகிறது என்றால் குறை பெரும்பாலும் பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையில்தான். அதை நீங்களே சரிசெய்துவிடலாம்.

அந்த இடைவெளியில் நடப்பது பெரும்பாலும் அற்பமான விஷயம். டிவியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். சில டிவிகளில் அதற்கு 'டிவி/ஏவி' என்று பெயர். பிள்ளைகள் விளையாட்டாக அதை அழுத்தியிருப்பார்கள். ஏவி-யில் இருக்க வேண்டியது பழைய டிவி சேனலுக்குப் போயிருக்கும். திரும்ப ஏவி-க்குக் கொண்டுவந்தால் படம் வந்துவிடும். இந்த ஒரு பொத்தானுக்காக ஆள் வந்து போனதற்கு இருநூறு ரூபாய் வாங்கிய கதை என் காதுக்கு வந்திருக்கிறது. அடுத்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின்கள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. டிவிக்குப் பின்னால் தூசு தட்டும்போது தளர்ந்திருக்கும், அல்லது 'அவுட்' என்று எழுதிய துளையில் மாறிப் போயிருக்கும். ஒலி கேட்கிறது, படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது என்றால் மஞ்சள் பின் வேறு துளையில் இருக்கிறதா, டிவியின் கலர் முறை 'பால்' என்பதிலிருந்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏவி துளையே இல்லாத மிகப் பழைய டிவிக்கு மட்டும் இடையில் மாட்டச் சிறு கன்வெர்ட்டர் தேவைப்படலாம். அதற்காகவும் புது டிவி வாங்க வேண்டியதில்லை.

பாக்ஸை டிவிக்கு மேலே வைத்து, அதன்மேல் பின்னல் துணி போர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அழகுதான். ஆனால் பாக்ஸுக்கு மூச்சு முட்டும். ஏப்ரல் வெயிலில் சூடேறி அப்படியே உறைந்து நின்றுவிடும். துணியை எடுத்துவிட்டு, கரண்ட் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்ப மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.

மெனு வருகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அந்தச் சேனல் உங்கள் திட்டத்தில் இல்லை என்றோ, அனுமதி இல்லை என்றோ வந்தால் ஒயரில் குறை இல்லை, கணக்கில் குறை. பணம் கட்டியது பதிவாகவில்லை, அல்லது பாக்ஸின் எண் உங்கள் பெயரில் ஏற்றப்படவில்லை. இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு உம்ரா, வெளிநாடு என்று போய்வந்தவர்களுக்கும் இப்படி வரும். பாக்ஸுக்கு அனுமதி அவ்வப்போது ஒயர் வழியாகவே வந்து புதுப்பிக்கப்படுகிறது. நெடுநாள் அணைந்து கிடந்த பாக்ஸுக்கு அது வந்து சேர்ந்திருக்காது. கொஞ்ச நேரம் பாக்ஸை ஓடவிட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் கேபிள்காரரிடம் பாக்ஸின் அடியில் உள்ள எண்ணைச் சொல்லித் திரும்ப அனுமதி அனுப்பச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை.

சிக்னல் இல்லை என்று பாக்ஸே சொன்னாலோ, படம் கட்டம் கட்டமாக உடைந்தாலோ ஒயரைப் பார்க்க வேண்டும். முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் தெருக் கம்பத்தில் உள்ள ஆம்ப்ளிஃபயரில் கோளாறு. அதற்கும் கரண்ட் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் கம்பத்தில் கரண்ட் போனால் படம் வராது. பக்கத்து வீட்டில் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் குறை கம்பத்திலிருந்து உங்கள் பாக்ஸ் வரையிலான அந்தச் சில மீட்டர் ஒயரில் இருக்கிறது. வடகிழக்கு மழையில் நனைந்து, கடல் காற்றில் உப்புப் படிந்து, எலி கடித்து, ஜன்னல் இடுக்கில் நசுங்கிக் கிடக்கும் ஒயர் அது. பல வீடுகளில் இரண்டு துண்டு ஒயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அனலாக்குக்கு அது போதும், டிஜிட்டலுக்குப் போதாது. ஜாயின்ட் இல்லாத ஒரே ஒயரும், இறுக்கமாகத் திருகிய கனெக்டரும் இருந்தால் பாதிப் புகார்கள் எழாது என்பது என் கணிப்பு.

இங்கே இன்னொரு நுணுக்கம். அனலாக்கில் ஒரு அலைவரிசையில் ஒரு சேனல்தான் வந்தது. டிஜிட்டலில் ஒரே அலைவரிசையில் பல சேனல்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்புகிறார்கள். அதனால் ஒயரில் குறை இருந்தால் ஒரு கட்டுச் சேனல்கள் மொத்தமாக உடையும், மற்றவை நன்றாகத் தெரியும். இதைப் பார்த்து "அந்தச் சேனலை வேண்டுமென்றே மறைக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது. கூடவே உடையும் மற்ற சேனல்கள் எவை என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. செய்தியை விசாரித்துத் தெளிவது பற்றி ஸூரத்துல் ஹுஜுராத்தில் நமக்குச் சொல்லப்பட்டிருப்பது டிவி சேனலுக்கும் பொருந்தும். பகலில் சில நிமிடங்கள் சேனல்கள் காணாமல் போகும்போதும் இப்படித்தான் பேசப்படுகிறது. மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது கேபிள் நிலையத்தின் டிஷ்ஷில் இந்த இடையூறு ஏற்படும். சில நாட்களில் தானாகத் தீர்ந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து டிவி கொண்டுவந்த வீடுகளில் ஒரு கேள்வி வழக்கமாக எழுகிறது. "துபாயில வாங்குன டிவி, டிஜிட்டல் உள்ளேயே இருக்குன்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு பாக்ஸ்?" அந்த டிவிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ஆன்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் கருவி. கேபிளில் வரும் டிஜிட்டல் முறை வேறு. முறை ஒத்துப்போனாலும் பயன் இல்லை. ஏனென்றால் நம் நாட்டில் கேபிள் சேனல்களைப் பூட்டி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். 2011-இல் கேபிள் டிவி சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இது. பூட்டைத் திறக்கும் சாவி அந்த நிறுவனம் கொடுத்த பாக்ஸில்தான் இருக்கிறது. அதே காரணத்தால் ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் ஒயரில் வேலை செய்யாது. மச்சான் ஊரில் சும்மா கிடக்கும் பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பதிலும் பலன் இல்லை.

கூட்டுக் குடும்பங்களை மிகவும் சிரமப்படுத்துவது இந்தப் பூட்டுதான். முன்பு கூடத்தில் ஒரு டிவி, உம்மம்மா அறையில் ஒரு டிவி, மாடியில் ஒரு டிவி என்று ஒரே ஒயரை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். மாதம் எழுபது ரூபாயில் மூன்று டிவி ஓடியது. இனி ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பாக்ஸ், ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரே பாக்ஸிலிருந்து இரண்டு டிவிக்கு ஒயர் இழுக்கலாம். ஆனால் கூடத்தில் வைக்கும் சேனல்தான் உள்ளறையிலும் தெரியும். இது பழுது இல்லை, ஏற்பாடே அப்படி. தெரியாமல் ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பழைய ஸ்ப்ளிட்டர் இன்னும் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பயன்படாத வாய் வழியாகவும் சிக்னல் வீணாகிறது.

பணம் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அரசு கேபிள் பாக்ஸ் விலையில்லாமல் கொடுக்கப்பட்டது. அது நிறுவனத்தின் உடைமை, இணைப்பு வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டியது. அந்த பாக்ஸையே விலைக்குக் கொடுப்பதுபோல் சில இடங்களில் பணம் கேட்டார்கள் என்று புகார்கள் வந்தன. பொருத்தும் கூலி, ஒயர் விலை என்று கேட்டால் எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தனியார் நிறுவனங்களின் பாக்ஸ் என்றால் அது உங்களுக்குச் சொந்தமா, வாடகையா, வாரன்ட்டி எத்தனை நாள் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். விண்ணப்பப் படிவத்தின் நகல், கட்டியதற்கு ரசீது, புகார் சொன்னால் புகார் எண் ஆகியவற்றைக் கேட்க ட்ராய் விதிகள் வாடிக்கையாளருக்கு உரிமை கொடுக்கின்றன. அனலாக் காலத்தில் கேபிள்காரர் மாதம் ஒருமுறை வாசலில் நின்று "காசு" என்பார், கொடுத்தோம். கார்டில் ஒரு கையெழுத்து, சில ஊரில் அதுவும் இல்லை. எத்தனை வீடு என்ற கணக்கு அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதை வெளியே கொண்டுவரத்தான் டிஜிட்டல் சட்டமே வந்தது. மேலே இருக்கும் நிறுவனத்துக்கு இப்போது ஒவ்வொரு பாக்ஸும் தெரிகிறது. கணக்கு மேல்நோக்கித் தெளிவானபோது கீழ்நோக்கியும் தெளிவாக இருக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயம்தானே? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். மாதம் இருநூறு ரூபாய்க்கு இதெல்லாமா என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை பொருளோடு ஓதிப் பார்க்கட்டும்.

கேபிள் தொழிலில் நம் சமுதாய இளைஞர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நிலையும் எளிதில்லை. நேற்றுவரை சொந்தத் தொழில் செய்தவர் இன்று மேலே இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் சேனல் கொடுக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். வருமானம் குறையும் பயம் அவருக்கும் உண்டு. ஆனால் ஆண் துணையில்லாத வீட்டில் ஸோர்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு, "ஐசி போயிடுச்சு" என்று சொல்லி வாங்கும் ஐந்நூறு ரூபாய், ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனில் கண்டிக்கப்படும் அளவு மோசடியின் வகையைச் சேர்ந்ததுதான். தராசு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அது மாறிவிடாது. ஜமாஅத்தில் இரண்டு மூன்று விவரமான பிள்ளைகளை இதற்கென்று நியமித்து, மஹல்லாவில் தனியாக இருக்கும் வீடுகளுக்கு அந்த வீட்டாரின் மஹ்ரமான ஒருவரோடு சென்று பார்த்துக் கொடுக்கலாம். ஷஅபானில் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தொடங்கினால் ஒரு தெருவை முடித்துவிடலாம்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஒரு சேனல் வராது. அது உள்ளூர் சேனல். நம் ஊர்களில் கேபிள்காரரே ஒரு சேனல் நடத்துவார்; ஜும்ஆ பயான், மீலாது மேடை, மதரஸா ஆண்டு விழா, காணாமல் போன பிள்ளையின் படம், மவுத் அறிவிப்பு எல்லாம் அதில் ஓடும். அனலாக்கில் தன் அறையிலேயே ஒரு கருவி வைத்து, காலியான அலைவரிசையில் அதை நுழைத்துவிட்டார். இப்போது சேனல்கள் தொலைவில் உள்ள தலைமை நிலையத்திலேயே பூட்டப்பட்டு வருகின்றன. இடையில் இருப்பவர் எதையும் நுழைக்க முடியாது. தலைமை நிலையத்தின் வரிசையில் இடம் கிடைத்தால்தான் உண்டு, அதற்குச் செலவும் உண்டு. பாக்ஸை எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அந்தச் சேனல் வராததற்கு இதுதான் காரணம்.

நல்லதும் கெட்டதும் கலந்த மாற்றம் இது. உரிமம் இல்லாமல் புதுப்படத்தைப் போட்டுக் காட்டிய சேனல்கள் ஒழிந்ததில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட கண்ணாடியும் சேர்ந்து போயிருக்கிறது. இனி எந்த வீட்டுக்கு எந்தக் குரல் போகும் என்பதைத் தொலைவில் உள்ள ஒரு அலுவலகம் தீர்மானிக்கும். சிறுபான்மையினராகிய நாம் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஊர் ஜமாஅத்துகள், வியாபாரிகள் சங்கம், கேபிள் நடத்துபவர்கள், மற்ற சமூகத்துப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து வட்டாரத்துக்கு ஒரு உள்ளூர் சேனலுக்குத் தலைமை நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் இடம் கேட்டு மனுக் கொடுக்கலாம். கேட்காமல் எதுவும் கிடைக்கப்போவதில்லை.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள் இளைஞர்கள். உம்மம்மாவின் கையில் அது இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்தே எந்தத் தெருவில் யார் மவுத் என்று தெரிந்துகொண்டவர் அவர். இப்போது பேரன் வீட்டுக்கு வந்து சொன்னால்தான் தெரிகிறது. பல நேரம் அவன் சொல்லும்போது ஜனாஸா அடக்கம் முடிந்திருக்கிறது.